நாலரை சென்டிமீட்டர்

நவம்பர் 3, திங்கள்

அண்ணனின் பெட்டி பரோடாவிலிருந்து வந்துவிட்டது. பதின்மூன்று படங்கள். பின்பக்கம் பென்சிலால் எண். ஒவ்வொன்றுக்கும் நடுவே மெல்லிய தாள். ஒன்பதாவது மட்டும் இல்லை. அது பெரியது, சுருட்டித் தனியாக அனுப்புகிறேன் என்று சீட்டு வைத்திருக்கிறான். அதன் கீழே இன்னொரு வரி: "பிரேம் உன் விருப்பம், வாணி. நான் தலையிட மாட்டேன்."

திறப்பு இருபத்திரண்டாம் தேதி. பத்தொன்பது நாள், பதினான்கு பிரேம். சொந்த ஊரில் அவனுடைய முதல் கண்காட்சி.

நிறம் குவாஷ், கெட்டியான நீர்வண்ணம். காய்ந்த பிறகும் சுண்ணாம்புச் சுவர் போல. விரல் பட்டால் விரலில் வரும், ஈரம் பட்டால் மறுபடி இளகும். கண்ணாடி அதைத் தொடக் கூடாது. ஆகவே எல்லாவற்றுக்கும் மவுண்ட் அட்டை வேண்டும். அட்டையின் நடுவில் ஜன்னல் வெட்டி, அதன் வழியே படத்தைக் காட்டுவது. ஜன்னல் படத்தைவிடப் பக்கத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் சிறியதாக இருக்கும். எந்த ஓவியரும் அந்த ஐந்தைப் பற்றிக் கேட்டதில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு சிறிய திருட்டு.

மழை. எங்கள் பிரேம் பட்டறையின் மேற்குச் சுவர் ஊறியிருக்கிறது. நானும் மும்தாஜ் அக்காவும் மரத்தை நகர்த்தி வைத்தோம். மரமும் மவுண்டும் என் வேலை. கண்ணாடி அவர் வேலை. ஆறு வருடமாக இப்படித்தான்.

நவம்பர் 4, செவ்வாய்

அறைகள். எங்கள் வடவள்ளி வீட்டின் அறைகள். நான் இன்றைக்கும் குடியிருக்கிற வீடு.

ஆளில்லாத வீடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆள் இருக்கிறார்கள். ஓரத்தில்.

இரண்டாம் படம், சமையல்கட்டு. நடுவில் அடுப்பு மேடை, கவிழ்த்த டம்ளர்கள், ஜன்னல் வெளிச்சம். வலது ஓரத்தில் ஒரு முழங்கை. இரண்டு மடிப்பு மடித்த வெள்ளைச் சட்டைக் கை. முகம் உட்பக்கம் இருக்கும்படி கட்டிய கைக்கடிகாரம்.

நான்காம் படம், கூடம். அதே கை. கையில் பள்ளிக்கூடத்து மஞ்சள் அளவுகோல். கரும்பலகையில் கோடு போடுவது, ஒரு மீட்டர் நீளம்.

ஆறாம் படம், குளியலறைக்குப் போகும் வழி. இடது ஓரத்தில் முட்டி போட்ட இரண்டு கால்கள். அரைக்கால் சட்டைக்குக் கீழே மூன்று கோடுகள். சிவப்பு இல்லை. அந்த நீலத்தை எங்கே பிடித்தான்.

எல்லாமே விளிம்பிலிருந்து நான்கு, நாலரை சென்டிமீட்டருக்குள். நடுவில் ஒன்றும் நடக்கவில்லை. காலண்டர் தொங்குகிறது. பால் பாத்திரம் இருக்கிறது.

கடிகாரத்தை உட்பக்கம் திருப்பிக் கட்டுபவர் எங்கள் அப்பா. நாச்சிமுத்து வாத்தியார். முப்பத்துநான்கு வருட ஆசிரியர், கடைசி எட்டு வருடம் தலைமையாசிரியர். பள்ளியில் ஒரு மாணவனையும் தொட்டதில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. அதற்குத்தான் பேர் போனவர். இதையும் எழுதி வைக்க வேண்டும்.

நவம்பர் 5, புதன்

கண்காட்சிக் கூடத்தை நடத்தும் ரவீந்திரன் அப்பாவின் மாணவர். விளக்கேற்ற வாத்தியார்தான் வர வேண்டும் என்று வீட்டுக்கே வந்து கேட்டிருக்கிறார். அப்பா சரி என்றுவிட்டார். சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார், பதினேழு நாள் முன்பே.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அப்பா விளக்கேத்தறாராம்."

"கேள்விப்பட்டேன்."

"உனக்குப் பரவால்லியா?"

"அவருக்குப் போட்ட படந்தான வாணி. வேற யாரு வந்து பாக்கோணும்?"

அப்பாவும் அவனும் பேசிப் பதினொரு வருடம். சண்டை என்று ஒன்றும் இல்லை. அண்ணன் வேலை கிடைத்து பரோடா போனான், வரவில்லை. அவ்வளவுதான். அம்மா போன் பேசி முடித்ததும் "நல்லா இருக்கானா?" என்று அப்பா கேட்பார். "நல்லா இருக்கான்" என்பாள்.

அப்பாவுக்கு இதயத்தில் ஆப்பரேஷன் ஆகி இரண்டு வருடம். விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்புவார். சுவரில் அவர் கை. பின்னால் அவரிடம் படித்தவர்கள் இருநூறு பேர்.

நவம்பர் 7, வெள்ளி

அம்மா பட்டறைக்கு வந்தாள். தூக்குப்போசியில் அரிசிம்பருப்பு சாதம், இன்னொரு கையில் குடை. எப்போதும் வருபவள் அல்ல. படங்களைப் பார்க்க வந்தாள் என்பதைச் சாதத்துக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வந்தாள்.

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தொடப் போவதுபோல முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். தொடவில்லை. நான்காவதன் முன்னால் வெகு நேரம்.

"இத்தன வருசங் கழிச்சு இதயா போடோணும்? ஒரு மயிலு, ஒரு மருதமலைன்னு போட்டா ஆகாதா?"

மும்தாஜ் அக்கா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

"உங்கப்பா பாத்தாருன்னா அங்கயே சாஞ்சுருவாரு."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ ஒரு அட்ட வெப்பியே. சுத்தியும் வெள்ளையா."

"மவுண்ட்."

"அதக் கொஞ்சம் அகலமா வெச்சா என்ன? யாருக்குத் தெரியப்போவுது?"

"அண்ணனுக்குத் தெரியும்மா."

"அவன் எங்கிட்டக் கேக்கட்டும். நான் சொல்லிக்கறேன்."

போசியைக் கழுவி வாங்கிக்கொண்டாள். வாசலில் குடையை விரித்தவள் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"உன்னையும் போட்டிருக்கானா?"

"இதுல நான் எங்கம்மா இருக்கறேன்?"

"இன்னும் ஒண்ணு வரோணும்னியே."

மழைக்குள் இறங்கிவிட்டாள்.

நவம்பர் 8, சனி

பீடிங் தேர்வு, பிரேமுக்கான மரச்சட்டம். கறுப்பு வேண்டாம்; இரங்கல் செய்தி மாதிரி ஆகிவிடும். தங்க நிறம் வேண்டாம். செதுக்கு வேலை வேண்டாம். இரண்டு சென்டிமீட்டர் அகலத் தேக்கு, மெருகில்லாமல், மெழுகு மட்டும். எங்கள் வீட்டுக் கதவின் நிறத்துக்கு அருகில் வருகிறது. அதனால்தான் தேர்ந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

பிறகு ஜன்னல். அதற்கு ஒரு முறை உண்டு. எல் வடிவத்தில் வெட்டிய இரண்டு அட்டைத் துண்டுகளைப் படத்தின் மேல் எதிரெதிராக வைத்து, மெல்ல உள்ளே நகர்த்திக்கொண்டே வர வேண்டும். படம் எங்கே மூச்சுவிடுகிறது என்று பார்ப்பது.

இரண்டாம் படத்தின் மேல் வைத்தேன். ஐந்து மில்லி. ஒரு சென்டி. இரண்டு. மூன்றில் சட்டை மடிப்பு போயிற்று. நாலரையில் ஒன்றும் இல்லை. அடுப்பு மேடை, டம்ளர், வெளிச்சம்.

நன்றாக இருந்தது. இதுதான் சங்கடம். உண்மையாகவே நன்றாக இருந்தது.

மும்தாஜ் அக்கா கண்ணாடியைத் தோளில் சாய்த்தபடி வந்து நின்றார்.

"என்ன வாணி, படத்துக்கு பர்தாவா? நானே ஒழுங்கா போடறதில்ல, நீ போட்டு விடறே."

"கம்போசிஷன்க்கா."

"அது யாரு, உங்க பெரியம்மா பொண்ணா?"

வெட்டிவிட்டேன். நாற்பத்தைந்து பாகைச் சாய்வில், நான்கு பக்கமும், ஒரே மூச்சில். பிளேடு புதிது.

நவம்பர் 10, திங்கள்

ஆறு முடிந்தது. எல்லாம் நாலரை.

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் தத்துவம் படித்தேன். ஒரு பொருளின் எல்லை அந்தப் பொருளுக்குச் சொந்தமா, வெளிக்குச் சொந்தமா என்று இருபது பக்கம் எழுதி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கினேன். அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இப்போது நினைவில்லை. பிளேடுக்கு அது தேவையும் இல்லை.

அப்பாவின் இதயம். இதுதான் காரணம். ஒருமுறை எழுதிவிட்டால் திரும்பத் திரும்ப யோசிக்க வேண்டியதில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

ஒன்பதாவது வந்தது. நீண்ட அட்டைக் குழாய். மேல் தட்டில் வைத்தேன்.

நவம்பர் 12, புதன்

முன்னறிவிப்பில்லாமல் அப்பா. ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் மேசையிலிருந்த பதினொன்றையும் பன்னிரண்டையும் குப்புறப் போட்டேன். குவாஷைக் குப்புறப் போடக் கூடாது. போட்டேன்.

"என்ன அம்மிணி, பரபரன்னு இருக்கறே?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. உக்காருங்க."

"உக்கார வரல. பீடிங் எதுன்னு காட்டு. எம் பையன் படத்துக்கு நானும் ஒரு வார்த்த சொல்லலாமல்ல?"

மாதிரிப் பலகையைக் காட்டினேன். தங்க நிறத்தைத் தட்டினார்.

"இதப் போடு. கல்யாண போட்டோவாட்டம் ஜம்முனு இருக்கும்."

"தங்கம் போட்டா படத்த உட்டுட்டு பிரேமத்தான் சார் பாப்பாங்க" என்றார் மும்தாஜ் அக்கா.

"நீங்க சொன்னா சரிதாம்மா. எனக்கென்ன தெரியும், சாக்பீஸ் புடிச்ச கை."

கையைப் பார்த்தேன். மேசை மேல் இருந்தது, பன்னிரண்டாம் படத்துக்கு ஒரு விரல் தள்ளி.

அப்போது அலமாரியில் சாய்த்திருந்த இரண்டாவதைப் பார்த்துவிட்டார். கண்ணாடி போட்டு முடித்தது. பக்கத்தில் போனார்.

"இது நம்ம சமையல்கட்டு."

"ஆமாங்கப்பா."

"இந்த டம்ளரு உங்கம்மா சீருல வந்தது. இதா, இங்க செவுத்துல ஓட்ட இருந்துச்சு. நாந்தான் சிமெண்ட் வெச்சு அடச்சேன். அந்தத் திட்டக்கூட உடாம போட்டிருக்கான் பாரு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போடவில்லை. "நம்மள வெறுத்துட்டுப் போயிட்டான்னு நெனச்சேன் அம்மிணி."

அவர் முகம் படத்துக்கு ஒரு சாண் தூரத்தில். அந்த முழங்கை அட்டைக்கு அடியில், அவர் கன்னத்துக்கு நேராக. அட்டையின் தடிமன் இரண்டு மில்லிமீட்டர்.

"மத்ததும் காட்டேன்."

"தொறப்பன்னைக்கு மொத்தமா பாருங்கப்பா."

"அதுஞ் சரி. அதுஞ் சரி."

ஸ்கூட்டர் போன பிறகு மும்தாஜ் அக்கா தன் மேசைக்குத் திரும்பினார். ஒரு கண்ணாடியைக் கீறி, உடைத்து, ஓரத்தைத் தேய்த்து முடித்தார்.

"அந்தக் கை இவருதா?"

"ஆமாக்கா."

"பாத்தா தெரியலியே."

இனிமேல் படத்தைப் பார்த்தாலும் தெரியாது என்று சொல்ல வந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

கண்ணாடி துடைத்தேன். பதினொன்றில் ஒரு மூலை லேசாகத் தேய்ந்திருக்கிறது, மவுண்டுக்குள் போய்விடும். ஒன்பது இன்னும் குழாயில்.

நவம்பர் 14, வெள்ளி

ஒன்பதைப் பிரித்தேன்.

வாசல் அறை. நடுவில் ஒரு சைக்கிள் தரையில் சாய்ந்து கிடக்கிறது, பள்ளிப்பை பக்கத்தில். வலது ஓரத்தில் அதே கை, இம்முறை வெறும் கை, உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருக்கிறது. இடது ஓரத்தில் இருப்பதும் நாலரைக்குள் அடங்கிவிடும்.

சுருண்ட காகிதம் நேராக நிற்காது. பின்பக்கம் லேசாக ஈரம் காட்டி, உறிஞ்சும் தாளுக்கு நடுவே வைத்து, எடை ஏற்றி, இரண்டு நாள் உலரவிட வேண்டும். பிறகுதான் மவுண்ட். ஈரம் காட்டினேன். ஜன்னலை வெட்டினேன். மவுண்டை மேலே வைத்துக் கண்ணாடி போட்டு மூடி, பிரேமோடு சேர்த்து எடை ஏற்றிவிட்டேன். எல்லாம் ஒரே மதியத்தில்.

"உலர உடலியா?" என்றார் மும்தாஜ் அக்கா.

"நேரமில்லக்கா."

எட்டு நாள் இருந்தது. அவர் காலண்டரைப் பார்த்தார்.

நவம்பர் 15, சனி

அந்த அளவுகோல் அப்பாவின் பீரோவுக்குப் பக்கத்தில், ஆணியில், என் தலைக்கு மேலே தொங்கும். எட்டாது. சமையல்கட்டிலிருந்து முக்காலியை இழுத்து வந்து போட வேண்டும். முக்காலியின் ஒரு கால் குட்டை.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பதினான்கும் தயார். பின்பக்கம் பழுப்புத் தாள் ஒட்டி மூடியாயிற்று. கொக்கி மாட்டியாயிற்று. சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். அமைதியான, வெளிச்சமான, நல்ல வீடு. யார் வேண்டுமானாலும் வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளலாம்.

நவம்பர் 17, திங்கள்

அண்ணன் அழைத்தான்.

"அப்பா போன் பண்ணாரு."

பிளேடைக் கீழே வைத்தேன்.

"பதினோரு வருசத்துல மொதத் தடவ. சமையல்கட்டு நல்லா வந்துருக்குதுன்னாரு. அழுதாரு வாணி."

"ம்."

"எதப் பாத்து அழுதாரு?"

"ரெண்டாவது படம்."

"முழுசா பாத்தாரா?"

பின்னால் மும்தாஜ் அக்கா கண்ணாடி உடைக்கும் சத்தம்.

"மவுண்ட் எவ்வளவு உள்ள வந்துருக்குது?"

"நாலர."

"மில்லியா?"

"சென்டி."

கத்துவான் என்று காத்திருந்தேன். அவன் கத்துபவன் அல்ல. எங்கள் வீட்டில் அதற்கு ஒருவர் போதும் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டவன்.

"பதினாலுமா?"

"பதினாலும்."

"அவரு இதயத்துக்காகன்னு சொல்லப் போற. அம்மாவும் போன்ல அதத்தான் சொன்னா. சரி. பதிமூணுக்கு அதையே வெச்சுக்கறேன்." நிறுத்தினான். "ஒம்பது யாருக்காக?"

வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று பிறகு செய்தி அனுப்பினேன்.

சிக்னல் இருந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

சாப்பிடும்போது அப்பா தன் பேச்சைப் படித்துக் காட்டினார். ஒரு பக்கம், பச்சை மையில். "ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் எங்கள் வீட்டுச் சுவரின் ஒரு திட்டைக்கூட மறக்காதவன் என் மகன்." நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படி அம்மிணி?"

"நல்லா இருக்குதுங்கப்பா."

அம்மா ரசத்தை அவர் தட்டில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். போதும் போதும் என்றார்.

நவம்பர் 20, வியாழன்

அண்ணன் ஸ்டேஷனிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தான். தாடியில் நரை. பையைத் தோளிலிருந்து இறக்காமலே முதல் பிரேமைக் குப்புறத் திருப்பி, பின்பக்கத் தாளை நகத்தால் கிழிக்க ஆரம்பித்தான்.

"தம்பி, கையக் கிழிச்சுக்காத. நகரு, நான் பண்றேன்" என்று மும்தாஜ் அக்கா கத்தியோடு வந்தார்.

மூவருமாகத் திறந்தோம். மவுண்டைத் தூக்கத் தூக்க, கை, முழங்கை, அளவுகோலின் நுனி, கால்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பதினொன்றின் தேய்ந்த மூலை தவிர, பதின்மூன்றுக்கும் ஒரு சேதமும் இல்லை. நல்ல வேலை செய்திருக்கிறேன்.

ஒன்பதில் மவுண்ட் வரவில்லை. அண்ணன் ஓரத்தில் விரல் கொடுத்து நெம்பினான். காயத்தில் ஒட்டிய பிளாஸ்திரியை உரிக்கும் சத்தம். வலது பக்கம் முழுசாக வந்தது. இடது பக்கம், நிறம் தடிப்பாக இருந்த இடம், வரவில்லை. ஈரக் குவாஷ் இளகி, எடையில் அட்டையைப் பிடித்து, அட்டையோடே காய்ந்திருந்தது. காகிதத்தில் ஒரு வெள்ளைப் புண். நார் நாராக.

மவுண்டின் அடிப்பக்கத்தில் அவள், இடம் வலம் மாறி.

இனி எழுதலாம். இடது ஓரத்தில் இருந்தது ஒரு சிறுமி. பச்சைப் பாவாடை, ரெட்டைச் சடை. இரண்டு கையிலும் மஞ்சள் அளவுகோலைக் கிடையாக ஏந்திக்கொண்டு வருகிறாள், பூசைத் தட்டு கொண்டுவருவது போல. எதிர் ஓரத்தில் விரிந்த கை அதற்காகத்தான் காத்திருக்கிறது.

அப்பா கேட்கும் முன்பே கொண்டுபோவேன். சைக்கிள் விழும் சத்தம், மதிப்பெண் அட்டை, ஒரு பொய், எதுவாக இருந்தாலும், அப்பாவின் குரல் மாறும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். முக்காலியை இழுப்பேன். சீக்கிரம் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். கொடுத்ததும் அப்பா என் தலையைத் தொடுவார். அதற்காகவும்தான். இரண்டும்.

"ஈரத்தோட மூடிட்டியா?"

"ஆமா."

"நீயா? தெரிஞ்சுமா?"

"ஆமா."

பையை அப்போதுதான் இறக்கி வைத்தான். முக்காலி எதுவும் இல்லை, மரக்கட்டை மேல் உட்கார்ந்தான்.

"உன்னக் கேக்காம உன்னப் போட்டது எந் தப்பு."

"எம் மேல கோவமா?"

"பள்ளிக்கொடத்துல படிக்கறப்ப இருந்துச்சு. நெறய. இதப் போடறப்ப இல்ல. சடைய போடறதுக்கே ரெண்டு நாள் ஆச்சு, தெரியுமா? ஒவ்வொரு பின்னலா." கையைத் துடைத்துக்கொண்டான். "ராத்திரி முழிச்சா முடிச்சரலாம். திரும்பப் போட்டுத் தந்தர்றேன். இல்லாட்டி ஒம்பது வேண்டாம், பதிமூணே மாட்டலாம். நீ சொல்லு."

"பதிமூணு ராசியில்லாத நம்பரு தம்பி" என்றார் மும்தாஜ் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. அவரும்.

நவம்பர் 21, வெள்ளி

திரும்ப வரைய வேண்டாம் என்றேன். மாட்டலாம் என்றேன். அண்ணன் காரணம் கேட்கவில்லை.

பதின்மூன்றுக்கும் புது ஜன்னல், ஐந்து மில்லியில். பிரேம் அதேதான், ஓரத்து வெள்ளை மட்டும் குறுகிவிட்டது. அண்ணன் அளந்தான், நான் வெட்டினேன், அக்கா மூடினார்.

ஒன்பதுக்கு மவுண்டே இல்லை. ஆழமான தேக்குப் பெட்டி. உள்ளே ஒரு பலகை. பலகையிலிருந்து சற்று உயர்த்தி, எதையும் தொடாமல் மிதப்பதுபோல அந்தக் காகிதம். கண்ணாடி பட்டுவிடாமல் ஓரங்களில் மெல்லிய மரச்சில்லு. நான்கு விளிம்பும் தெரியும். கிழிந்த நாரும் தெரியும். நான் செய்ததிலேயே சுத்தமான மூலைகள்.

அம்மா அழைத்தாள்.

"அகலமாத்தான வெச்சிருக்கறே?"

"இல்லம்மா. எல்லாத்தையும் கழட்டியாச்சு."

குக்கர் விசில் மட்டும் கேட்டது.

"சரி. அவரு மாத்திரைய நான் பையில போட்டுக்கறேன்" என்றாள்.

நவம்பர் 22, சனி

ஐந்து திரி. அப்பா ஒவ்வொன்றாக ஏற்றினார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கை இரண்டு மடிப்பு.

அண்ணன் "வாங்கப்பா" என்றான். அப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்து, விட்டுவிட்டு, பேச்சுத் தாளை எடுத்தார். திட்டைப் பற்றிய வரியில் எல்லோரும் கைதட்டினார்கள். பள்ளியின் பழைய மாணவர்கள், வழுக்கை விழுந்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், வரிசையாக அவர் பின்னால் நின்றார்கள். வாத்தியார் முதலில் பார்க்கட்டும் என்று.

முதல் படம். தலையசைத்தார்.

இரண்டாவது. தெரிந்த வீட்டுக்குள் நுழைவதுபோலச் சிரித்துக்கொண்டே போனார். பிறகு வலது பக்கம் பார்த்தார். சிரிப்பு உடனே போகவில்லை. யாருடையதோ போல முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. திரும்பி என்னைத் தேடினார். நான் அங்கேதான் நின்றேன்.

மூன்று. நான்கு. அளவுகோல்.

சட்டைக் கையின் மடிப்பைப் பிரித்தார். ஒரு மடிப்பு, இன்னொன்று. கடிகாரம் மறையும்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பின்னால் பேச்சு நின்றுவிட்டது. ஒருவர் இருமினார். ஆறாவதன் முன்னால் ரவீந்திரன் நாற்காலி கொண்டுவந்தார். வேண்டாம் என்று அப்பா கையாலேயே சொன்னார். அம்மா மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு படம் தள்ளியே வந்தாள்.

ஒன்பது.

பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு விரலை நீட்டினார். கண்ணாடியைத் தொடவில்லை.

"இங்க ஏன் உரிஞ்சிருக்குது?"

நோட்டில் பிழையைக் கண்டுபிடித்த வாத்தியாரின் குரல். அந்தக் குரல் அவருக்கு உதவியாக இருந்தது.

"நாந்தானுங்கப்பா உரிச்சது. அங்க நான் நின்னுட்டிருந்தேன்."

"நீயா? எதுக்கு?"

"அளவுகோல் எடுத்துக் குடுக்கறதுக்கு."

அவர் முகம் தளர்ந்தது. பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்துவிட்ட மாதிரி.

"ஆமா. நீதான் கொண்டாருவே. கேக்கறதுக்கு முன்னாலயே ஓடி வந்துருவே." கிட்டத்தட்டப் பிரியமாகத்தான் சொன்னார். "நீ கொண்டாராட்டி நான் எந்திரிச்சிருக்கவே மாட்டேன் அம்மிணி."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் வேறு சத்தம் இல்லை.

நான் தலையாட்டினேன். பழக்கம்.

"அவளுக்கு அப்ப ஏழு வயசுங்கப்பா."

அண்ணன். எனக்குப் பின்னாலிருந்து. வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, நிதானமாக.

அப்பா திரும்பினார். அவனைப் பார்த்தார், தாடியை, நரையை. என்னமோ சொல்லப் போகிறார் என்று அம்மா ஓரடி முன்னால் வந்தாள்.

"உனக்கு?" என்றார் அப்பா.

"பன்னெண்டு."

பன்னிரண்டு என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மறுபடி படத்தின் பக்கம் திரும்பினார். பத்தாவதற்குப் போகவில்லை. பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. அவரைத் தாண்டி யாரும் போகவில்லை.